பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள்

பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி கலந்து எடுத்து வரும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. திரும்பி வந்து பார்த்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு கோப்பைத் திறக்க இன்னொரு காத்திருப்பு. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் ஒருமுறை ஃபார்மட் போட்டுத் தருவார்கள். இரண்டு வாரம் சுறுசுறுப்பாக ஓடும், பிறகு பழைய கதை. அடுத்த தடவை போகும்போது “மாடல் பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்ற பதில் கிடைக்கும். புதியது வந்ததும் பழையது பரணுக்கு ஏறும், அல்லது பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகும்.

இப்படிக் கைவிடப்படும் லேப்டாப்புகளில் பெரும்பங்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. அவற்றில் நிஜமாகவே கிழடு தட்டிய உறுப்பு ஒன்றுதான்: ஹார்டு டிஸ்க். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு எஸ்.எஸ்.டி.யை மாட்டினால், மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட இயந்திரம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது பத்தாண்டுகளாகத் தெரிந்த சேதி. பொதுமக்களிடம் இன்னமும் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளலாம். நாற்பது சாமான் எழுதிய சீட்டை நீட்டுகிறோம். கடையில் ஒரே ஒரு பையன். ஒவ்வொரு சாமானுக்கும் ஏணியில் ஏறி, எடுத்து, இறங்கி வந்து, பிறகு அடுத்ததற்கு ஏறுகிறான். கல்லாவில் இருப்பவர் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறவராக இருந்தாலும் பையன் இறங்கி வரும்வரை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹார்டு டிஸ்க் அந்தப் பையன். ப்ராசஸர் கல்லாவில் இருப்பவர்.

ஹார்டு டிஸ்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். லேப்டாப்புகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஒரு முனை, தேவையான தடத்துக்கு நகர ஏறத்தாழ 12 மில்லிவிநாடி எடுக்கும். தேவையான இடம் சுழன்று அதன் அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவிநாடி. இரண்டையும் கூட்டினால் 17, 18 மில்லிவிநாடி. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு அறுபதுகூடத் தேறாது. விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ அப்படிப்பட்ட துண்டுகள் ஆயிரக்கணக்கில் தேவை. 2 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சாதாரண ப்ராசஸருக்கு 18 மில்லிவிநாடி என்பது மூன்றரைக் கோடித் துடிப்புகள். அத்தனையும் ஒரு சிறு துண்டுக்காகக் காத்திருந்தே கழிகின்றன.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது, நகரும் முனையும் கிடையாது. பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் உள்ள அதே ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளை, திறமையான ஒரு கட்டுப்பாட்டுச் சில்லோடு சேர்த்துக் கட்டியது அது. எந்த மூலையில் இருக்கும் தகவலையும் பத்தில் ஒரு மில்லிவிநாடிக்குள் எடுத்துக் கொடுத்துவிடும். “உங்க மாடல் பழசு, எஸ்.எஸ்.டி. போட்டாலும் முழு ஸ்பீடு வராது” என்று சில கடைகளில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2010 வாக்கில் வந்த பல லேப்டாப்புகளில் டிஸ்கை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு விநாடிக்கு 300 எம்.பி.க்கு மேல் தாங்காது, இன்றைய சாட்டா எஸ்.எஸ்.டி.யோ 550 வரை தரும். ஆனால் அன்றாட வேலையில் மனிதர் உணரும் வேகம் அந்தச் சிறு துண்டுகளின் கணக்கில்தான் இருக்கிறது. அங்கே பழைய இணைப்பு தடையே இல்லை.

சுழலும் தட்டைக் குறை சொல்லும்போது அதன் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்கில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. ஒரு டன் அளவு எடை. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துகள், இன்றைய ஒரு கைபேசிப் படத்துக்குச் சற்றேறக்குறைய அவ்வளவு வேண்டும். அங்கிருந்து ஐநூறு ஜி.பி.யைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தது பெரிய பொறியியல் சாதனை. அதற்கு வழிகோலிய காந்தவியல் கண்டுபிடிப்புக்காக ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் இருவருக்கும் 2007-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் பெரிய தரவு மையங்களில் மலிவாக மலைபோல் சேமித்து வைக்க ஹார்டு டிஸ்க்தான் ஆள்கிறது. லேப்டாப்பில் இயங்குதளத்தைச் சுமக்கும் வேலைக்கு மட்டும் அது இனிப் பொருந்தாது.

மாற்றாக வந்த ஃபிளாஷ் நினைவகம் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது. பிற்பாடு சான்டிஸ்க் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1991-ல் விற்ற முதல் எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு 20 எம்.பி., விலை சுமார் ஆயிரம் டாலர். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. முப்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. 2023-ல் 240 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. நம் ஊரில் ஏறத்தாழ 1,500 ரூபாய்க்கே கிடைத்தது. 2025 இறுதியில் இருந்து விலை மறுபடி ஏறுகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். மெஹ்ரோத்ரா இப்போது தலைமை வகிக்கும் மைக்ரான் நிறுவனமே, சாமானியர் வாங்கிவந்த க்ரூஷியல் பிராண்டை நிறுத்திக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அப்படி ஏறியும், முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்துப் புதிய லேப்டாப் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். அதுவும் புதிய லேப்டாப்பின் விலையும் அதே காரணத்தால் ஏறிக்கொண்டிருக்கும்போது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்குமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகளைக் கொடுத்தது. உலகில் வேறெங்கும் ஒரு மாநில அரசு இந்த அளவுக்குச் செய்த முன்மாதிரி அரிது. எத்தனையோ குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அதில்தான் டைப் அடிக்கக் கற்றார்கள், அதில்தான் வேலைக்கு விண்ணப்பித்தார்கள். கொரோனா காலத்தில் அண்ணனின் லேப்டாப்பில் தங்கை ஆன்லைன் வகுப்பு கேட்டாள். முதல் தொகுப்பில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்கும் இருந்தன. பிந்தைய ஆண்டுகளில் ரேம் கூடியது. டிஸ்க் பெரும்பாலும் சுழலும் வகையாகவே நீடித்தது.

அந்த டிஸ்குகள் பட்ட பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சைக்கிள் கேரியரில், டவுன் பஸ் நெரிசலில், தோள்பையில் ஆடி ஆடிப் போய் வந்தவை. ஸ்லீப் நிலைக்குப் போவதற்குள் மூடிப் பையில் போட்டால் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும்போது அதிர்ச்சி விழும். நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும் முனை தட்டில் உரசினால் அந்த இடத்திலுள்ள தகவல் போனது போனதுதான். இத்தனை பேர் “அரசு லேப்டாப் சீக்கிரம் ஸ்லோ ஆயிடும்” என்று சொன்னதற்கு, இயந்திரத்தின் தரத்தைவிட இந்த ஒற்றை உறுப்பு பெரிய காரணம்.

இப்போது அரசு புதிய சுற்றைத் தொடங்கியிருக்கிறது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. இம்முறை தரப்படும் லேப்டாப்புகளில் 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உண்டு. நல்ல தேர்வு. ஹார்டு டிஸ்கின் காலம் முடிந்துவிட்டதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்படியானால் ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் லட்சக்கணக்கான பழைய லேப்டாப்புகளுக்கும் பள்ளிகளில் தூசி படிந்து நிற்கும் கணினிகளுக்கும் அதே மாற்றத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று ஏன் யோசிக்கக் கூடாது?

எல்லாப் பழைய லேப்டாப்பையும் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2 ஜி.பி. ரேமோடு இருப்பதில் எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் இணையதளம் நாலு திறந்ததும் திணறும். குறைந்தது 4, முடிந்தால் 8 ஜி.பி.க்கு ரேமையும் ஏற்ற வேண்டும். பழைய டி.டி.ஆர்.3 ரேம் செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். திரை உடைந்து, கீல் பெயர்ந்து, மதர்போர்டில் கோளாறும் இருந்தால் செலவு செய்வது வீண். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும், அது தீப்பிடிக்கும் ஆபத்து. பேட்டரி வெறுமனே நிற்காமல் போயிருந்தால் கவலையில்லை, சார்ஜரிலேயே மேசைக் கணினிபோல் ஓட்டலாம்.

இன்னொரு முட்டுக்கட்டை மென்பொருளில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் தேவை. எனவே 2017-க்கு முன் வந்த லேப்டாப் ஏறக்குறைய எதுவும் தகுதி பெறாது. நல்ல நிலையில் ஓடும் கோடிக்கணக்கான இயந்திரங்களை ஒரே நாளில் ‘பழசு’ ஆக்கிய முடிவு இது, கண்டிக்கத்தக்கது. ஆனாலும் வழி அடைபடவில்லை. எஸ்.எஸ்.டி.யும் 4 ஜி.பி. ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இவற்றில் வழுக்கிக்கொண்டு ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. பயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ், வீடியோ அழைப்பு, அரசு இணையதளங்கள் எல்லாம் நடக்கும். டேலியையும் சில அச்சுத் தொழில் மென்பொருள்களையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து மாநிலம் கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் பள்ளிக் கணினிகளுக்கென்றே லினக்ஸ் அடிப்படையில் தனி இயங்குதளம் தயாரித்துத் தருகிறது. 2018-ல் அங்கே தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் அனிமேஷன், மலையாளக் கணிமையோடு ஹார்டுவேர் பயிற்சியும் ஒரு பாடம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் திறந்து பார்க்கத் தயங்குவதில்லை. தமிழ்நாட்டிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஓர் ஐ.டி.ஐ.யில் மாதம் ஒரு சனிக்கிழமை முகாம் நடத்தலாம். லேப்டாப்பின் உரிமையாளர் எஸ்.எஸ்.டி.யை வாங்கி வரட்டும். மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் மாட்டித் தரட்டும். அரசுக்குப் பெரிய செலவில்லை. அந்த மாணவர்களுக்கோ கையில் நிற்கும் தொழில். பள்ளிக் கணினிகளுக்கு மட்டும் அரசே டிஸ்க் வாங்கித் தர வேண்டும், அதுவும் மொத்தக் கொள்முதலில் மலிவாக முடியும்.

மாற்றும் வேலை உண்மையில் எவ்வளவு எளிது என்பதை அறியாததால்தான் பலர் பயப்படுகிறார்கள். 2010 முதல் 2017 வரை வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் இரண்டரை அங்குல டிஸ்க் இருக்கும். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிப்புற மூடியின் நட்சத்திர ஸ்க்ரூக்களைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் எடுத்தால் டிஸ்க் கண்ணில் படும். பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். அதைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, வந்த வழியே உள்ளே தள்ள வேண்டியதுதான். எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் பல 9.5 மில்லிமீட்டர். ஆடாமல் நிற்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள். சில மாடல்களில் கீபோர்டையே தூக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் கடைக்காரரிடம் விடுவதே நல்லது. சென்னை ரிச்சி தெருவிலோ எந்த மாவட்டத் தலைநகரின் கணினிக் கடையிலோ அரை மணி நேர வேலை.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பில் இன்னொரு வசதி உண்டு. இப்போது யாரும் டிவிடி போடுவதில்லை. அந்த டிரைவைக் கழற்றி ‘கேடி’ எனப்படும் ஒரு சட்டத்தில் பழைய ஹார்டு டிஸ்கை வைத்துச் செருகிவிட்டால், விண்டோஸோ லினக்ஸோ எஸ்.எஸ்.டி.யில், படங்களும் பாட்டும் பழைய டிஸ்கில் என்று இரண்டும் கிடைக்கும். 240 ஜி.பி. போதுமா என்ற தயக்கத்துக்கு இதுவே பதில்.

வாங்கும்போதுதான் ஏமாறுகிறார்கள். 2018-க்குப் பிந்தைய லேப்டாப்புகளில் இரண்டரை அங்குலப் பெட்டிக்குப் பதில் எம்.2 என்ற, சூயிங்கம் பட்டை போன்ற அட்டை இருக்கலாம். அதிலேயே சாட்டா வகை வேறு, என்.வி.எம்.இ. வகை வேறு. துளை பொருந்தினாலும் லேப்டாப் ஏற்காமல் போகலாம். மாடல் எண்ணைக் கேட்டு உறுதி செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. ஆன்லைனில் பேர் தெரியாத பிராண்டில் நம்ப முடியாத விலைக்கு 2 டி.பி. என்று வருபவை பல போலி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, எழுதியதை விழுங்கிவிடும். மூன்று ஆண்டு வாரண்டி தரும் அறிமுகமான பிராண்டே போதும், பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

“எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும்” என்ற அச்சமும் ஊரெல்லாம் இருக்கிறது. ஃபிளாஷ் சில்லில் எழுத எழுதத் தேய்மானம் உண்டு என்பது சரி. சாதாரண 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 80 டி.பி. வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். தினம் 20 ஜி.பி. எழுதினாலும், அதுவே வீட்டுப் பயன்பாட்டுக்கு மிக அதிகம், பத்தாண்டு தாண்டும். உண்மையான அபாயம் வேறு இடத்தில். ஹார்டு டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். ஆகவே கல்யாணப் படங்கள், மதிப்பெண் பட்டியல் ஸ்கேன், பத்திர நகல் போன்றவற்றுக்கு இன்னொரு பிரதி வெளியே இருந்தே ஆக வேண்டும். டிஸ்க் மாற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பிரதியை எடுத்து, திறந்தும் பார்த்துவிட வேண்டும். இதில் சோம்பல் பட்டு அழுதவர்கள் எண்ணிக்கை அதிகம்.

டிஸ்கை மாற்ற முடியுமா என்ற கேள்வி புதிதாக லேப்டாப் வாங்குபவர்களையும் பாதிக்கிறது. 2012-ல் வந்த ஆப்பிள் மேக்புக் ப்ரோவின் 13 அங்குல சாதாரண மாடலில் யார் வேண்டுமானாலும் டிஸ்கை மாற்றலாம். 2016-ல் வந்த டச் பார் மாடல்களிலோ சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டன. மலிவு விலை லேப்டாப்புகளில் 32 அல்லது 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சில்லைப் பற்றவைத்து விற்கிறார்கள். ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தாலே இடம் நிரம்பிவிடும், மாற்றவும் முடியாது. ஏழை மாணவர் வாங்கும் லேப்டாப்பில்தான் இந்தக் கொடுமை அதிகம் நடக்கிறது.

இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. சட்டமாக அது இன்னும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுதுபார்ப்பு உரிமைக்கான விதிகளை நிறைவேற்றிவிட்டது. அதே 2024-ல் வெளியான ஐ.நா.வின் மின்கழிவு அறிக்கை, 2022-ல் உலகம் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே என்றும் சொல்கிறது. மிச்சத்தின் ஒரு பகுதி நம் ஊர்ப் புறநகர்களில் வெறுங்கையால் உடைத்து, ஒயரை எரித்துச் செம்பு பிரிக்கும் மனிதர்களின் நுரையீரலுக்குப் போகிறது. சட்டம் வரும்வரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும் அரசின் டெண்டரில், டிஸ்கும் ரேமும் பேட்டரியும் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டாயம் இடம்பெற வேண்டும். அத்தனை பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது.

கழற்றிய ஹார்டு டிஸ்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அப்படியே பழைய பொருள் கடையில் போட்டுவிடக் கூடாது. கோப்பை டெலீட் செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் போட்டாலும் தகவல் தட்டில் அப்படியேதான் இருக்கும். இலவச மென்பொருளால் யாரும் மீட்டெடுக்கலாம். விற்பதானால் முழு டிஸ்கின் மேலும் ஒருமுறை பூஜ்யங்களை எழுதி அழிக்கும் மென்பொருளை ஓடவிட வேண்டும், ஓரிரு மணி நேரம் ஆகும். நல்ல நிலையில் இருந்தால் விற்கவும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. கேஸ் கிடைக்கிறது. அதற்குள் வைத்தால் மேலே சொன்ன அந்த இரண்டாவது பிரதியை வைத்துக்கொள்ள இடம் கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை இணைத்து, படங்களையும் பத்திரங்களையும் நகலெடுத்து, மறுபடி அலமாரியில் வைத்துவிடலாம்.